அந்தச் சோறு எந்தச் சாற்றில் வெந்தது? வலென்சியாவில் உணவு நடை நடத்தும் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்பெயின் நாட்டு வலென்சியாவின் பழைய நகரத்தில், பயணிகளைச் சந்தையும் கடைகளுமாகக் கூட்டிப்போய் ஊர் உணவைச் சுவைக்கத் தரும் உணவு நடையை வழிகாட்டியுடன் நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

2025 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, என் பெற்றோருடன் உங்கள் நடையில் கலந்துகொண்டேன். அன்று மதியம் சைவம் என்று சொல்லி என் அம்மாவின் தட்டில் வைக்கப்பட்ட சோறு, மீன் சாற்றில் வெந்த சோறு. நடந்ததை அன்றிரவே உங்களுக்கு எழுதினேன். பதினேழு நாள் கழித்து உங்கள் பதில் வந்தது. சைவம் என்பதன் பொருள் ஊருக்கு ஊர் மாறும் என்றும், சமையலறையில் நடப்பவற்றுக்கு நடையை நடத்துகிறவர்கள் பொறுப்பேற்க இயலாது என்றும், ஆகவே நடையின் அமைப்பில் மாற்றம் எதுவும் செய்யப்போவதில்லை என்றும் அதில் இருந்தது. நடந்த தவற்றைக்கூட நாங்கள் பொறுத்துக்கொண்டிருப்போம். மாற்றம் எதுவும் இல்லை என்ற அந்த முடிவைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இம்மடலின் ஸ்பானிய வடிவத்தைப் பதிவு அஞ்சலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவிலிருந்து வரும் பயணிகளை முகவர்கள் வழியாக நீங்கள் சேர்க்கிறீர்கள். அவர்களில் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ‘சைவம் உண்டு’ என்ற இரண்டு சொற்களை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் படிக்கும் மொழியிலும் இது இருக்க வேண்டும்.

என் அம்மாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் பதிலில் அவர் ‘உணவு விருப்பம் கொண்ட வாடிக்கையாளர்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில். மீன் இல்லாத நாள் அந்த வீட்டில் அரிது. என் தம்பி நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் இனிப் புலால் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. இந்த முப்பத்தோரு ஆண்டுகளில் அம்மா ஒருமுறைகூட அந்தச் சொல்லை மீறியதில்லை. எங்களுக்கு மீன் ஆய்ந்து குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, உப்புச் சரியா என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாரே தவிர, கரண்டி நுனியைக்கூட நாக்கில் வைக்கமாட்டார். இதை விருப்பம் என்று எழுதுவது சரியில்லை.

நான் ஒன்பது ஆண்டுகளாக வலென்சியாவில், பெனிமாக்லெட் பகுதியில் வாழ்கிறேன். இந்த நாட்டில் சைவ உணவு கேட்பதில் இருக்கும் சிக்கல் எனக்குத் தெரியும். ‘கார்னே’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு அகராதியில் இறைச்சி என்று பொருள் இருந்தாலும், கடைகளில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சித் துண்டையும் மட்டுமே குறிக்கிறது. ‘கார்னே வேண்டாம்’ என்றால் பதப்படுத்திய பன்றித்தொடைச் சீவலும் சூரை மீனும் தட்டில் வந்துவிடும். ‘வெஹெத்தால்’ என்று பெயர் வைத்த காய்கறி ரொட்டிக்குள்ளேயே சூரை மீன் இருக்கும். இதில் வஞ்சகம் ஏதும் இல்லை, இங்குள்ளவர்களின் பேச்சு வழக்கு அப்படி. அது தெரிந்ததனால்தான், உங்கள் முன்பதிவுப் படிவத்தின் உணவுக் கட்டுப்பாட்டுக் கட்டத்தில், இறைச்சி, மீன், கடலுணவு, முட்டை ஆகிய எதுவும் கூடாது, இவற்றில் காய்ச்சிய சாறும் கூடாது என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுதினேன். இரண்டு நாளில் ‘சைவம், உறுதி செய்யப்பட்டது’ என்று உங்களிடமிருந்து மறுமொழி வந்தது. ஒருவருக்கு 79 யூரோ வீதம் மூவருக்கு 237 யூரோ கட்டினேன். அந்த மறுமொழியின் படியும் பணம் கட்டிய சீட்டும் என்னிடம் இருக்கின்றன.

காலை பத்தரைக்கு மையச் சந்தையின் வாசலில் நடை தொடங்கியது. ‘சிறு குழு’ என்று உங்கள் விளம்பரம் சொல்கிறது. அன்று இருபத்தெட்டுப் பேர் இருந்தோம், வழிகாட்டி ஒரே ஒருவர். 1928இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தை, இரும்பும் கண்ணாடியும் ஓடும் சேர்ந்த எட்டாயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பெரிய கட்டடம்; ஆனால் கடைகளுக்கு நடுவில் ஓடும் வழிகள் இரண்டு பேர் பையோடு ஒதுங்கிப் போகும் அளவுக்கே அகலமானவை. நாங்கள் நின்ற இடத்திலெல்லாம் வழி அடைபட்டது. சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், வழிகாட்டி பேசி முடிக்கும்வரை தக்காளிக் கடைக்கு முன்னால் காத்துக்கொண்டு நின்றார். அந்த நாற்பது நிமிடத்தில் உங்கள் நடையின் சார்பில் எந்தக் கடையிலும் ஒரு ஆலிவ் காய்கூட வாங்கப்படவில்லை. சந்தையின் சுவை என்று நீங்கள் விற்பது, சந்தைக்காரர்களின் பொருளை அவர்களிடம் வாங்காமல் பார்த்துவிட்டுப் போவதாக இருந்தது.

அங்கே ஒரே ஒரு நல்ல நேரம் வாய்த்தது, அதுவும் நடையிலிருந்து நாங்கள் விலகி நின்றதால் வாய்த்தது. பருப்பும் உலர்பழமும் விற்கும் கடையொன்றில், வாய் மடித்துவிட்ட சாக்கில் நிலக்கடலை அளவில் சுருங்கிய பழுப்புக் கிழங்குகள் குவிந்திருந்தன. அம்மா நின்றுவிட்டார். கடைக்காரப் பெண்மணி ஒரு கை அள்ளி அம்மாவின் உள்ளங்கையில் கொட்டினார். அம்மா ஒன்றை முகர்ந்து பார்த்து, பல்லில் வைத்துக் கடித்து, கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, “இது நம்ம கோரைக்கிழங்கு இல்ல?” என்றார். அவர் சொன்னது ஏறக்குறையச் சரி. ஓர்ச்சாத்தா என்ற பானத்துக்கு மூலப்பொருளான சூஃபா, நம் வயல்களில் களையாக முளைக்கும் கோரையின் உடன்பிறந்த இனம். எங்கள் ஊரில் பிடுங்கி வரப்பில் எறிகிற ஒன்றை இங்கே விதைத்து, நீர் பாய்ச்சி, குளிர்காலத்தில் அறுவடை செய்து, மாதக்கணக்கில் காற்றாட உலர்த்திப் பாதுகாக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, அம்மாவும் அப்பாவும் அந்தச் சாக்கைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும் என்று கடைக்காரர் கையைக் கவிழ்த்தும் விரித்தும் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, நேரமாகிறது என்று எங்களை அழைத்துவிட்டார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் அதே ஓர்ச்சாத்தா சின்னக் கோப்பைகளில் வந்தது. அன்று காலை அரைத்தது என்று வழிகாட்டி சொன்னார். கல்லாவுக்குப் பின்னால், முனை வெட்டிய அட்டைப்பெட்டியிலிருந்து கோப்பைகளில் ஊற்றியதை நானே பார்த்தேன். அட்டைப்பெட்டியில் வருவது கெட்ட பானம் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் வாங்குவதுண்டு. ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்த பானத்தின் மணம் வேறு, சூடேற்றிப் பதப்படுத்தி அடைத்த பானத்தின் மணம் வேறு. பெட்டியில் வந்ததைப் பெட்டியில் வந்தது என்றே சொல்லியிருக்கலாம்.

மேரி மாதா சதுக்கத்தை நாங்கள் அடைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. வியாழக்கிழமை நண்பகலில் அங்கே, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில், நீர் நீதிமன்றம் கூடும். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் உழவர்கள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கறுப்பு மேலங்கியணிந்து அரைவட்டமாக உட்கார, ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, வழக்கு உண்டா என்று ஏவலர் உரக்க அழைப்பார். எழுத்து இல்லை, வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடும் இல்லை, வாய்மொழியாகவே தீர்ப்பு. யுனெஸ்கோ 2009இல் இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. காவிரியின் கடைமடையில் முறைத்தண்ணீருக்கு இரவெல்லாம் மடையில் காவல் கிடந்த என் அப்பாவுக்கு, இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டும் என்று இருந்தது இது ஒன்றுதான். வலென்சியாவின் காய்கறிக்கும் சூஃபாவுக்கும் பின்னால் இருப்பது இந்த வாய்க்கால் நீர். பத்து நிமிடம் நின்றிருந்தால் போதும். உணவகத்தில் நேரம் குறித்திருக்கிறது என்று சொல்லி எங்களை நகர்த்தினார்கள். அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இடையில் ஒரு கடையில் அப்பாவுக்கு ஒரு தட்டு சிப்பி வந்தது. இது குளோச்சினா, இந்தக் கடலின் சிறிய சிப்பி, இப்போதுதான் பருவம் என்றார் வழிகாட்டி. ஸ்பானிய மொழியில் மாதப் பெயரில் ‘ர்’ ஒலி வராத மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய நான்கு மாதங்களும் குளோச்சினாவின் மாதங்கள் என்பதை நான் இங்கு வந்த முதல் கோடையிலேயே பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிக் கொடுத்துவிட்டார். செப்டம்பர் கடைசியில் வந்த அந்தப் பெரிய சிப்பி வேறு கடலிலிருந்து வந்தது. சிறிய செய்திதான். அன்று நடந்தவை எல்லாம் ஒரே தன்மையானவை என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

இனி மதிய உணவு.

நீண்ட மேசையில் இருபத்தெட்டுப் பேரும் உட்கார்ந்தோம். அம்மாவோடு சேர்த்துச் சைவம் கேட்டவர்கள் மூவர்; மற்ற இருவர் இங்கிலாந்திலிருந்து வந்த, குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட முதிய தம்பதியர். மூவருக்கும் தனியாக ஒரு சிறிய இரும்புத் தட்டில் காய்கறிச் சோறு வந்தது. மஞ்சள் நிறம், மேலே கூனைப்பூத் துண்டுகள், பச்சை அவரை, சிவப்புக் குடைமிளகாய். பார்க்க அழகாகவே இருந்தது. அம்மா முதல் வாய் எடுத்தார். இரண்டாவது வாயில் மெல்லுவதை நிறுத்தினார். என் பக்கம் குனிந்து, “இதுல மீன் இருக்கு” என்றார். காய்தான் இருக்கிறது என்று சொன்னேன். “துண்டு இல்ல. தலையும் முள்ளும் போட்டுக் கொதிக்கவச்ச தண்ணி. எனக்குத் தெரியாதா?” என்றார். வாயில் இருந்ததைக் காகிதத் துவாலையில் துப்பி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கை நடுங்கியது. யாருக்கும் தெரியக்கூடாது என்று துவாலையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

வழிகாட்டியை அழைத்துக் கேட்டேன். சைவம்தான், நிறுவனம் உறுதி செய்திருக்கிறது என்றார். சமையலறையில் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். மற்றவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்ததால் பிறகு கேட்பதாகச் சொன்னார். நானே எழுந்து போனேன். சமையல்காரர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். காலையில் மீன் தலைகளையும் முட்களையும் போட்டு ஒரு பெரிய அண்டாவில் சாறு காய்ச்சிவைப்பதாகவும், அன்றைய சோறு அத்தனைக்கும் அதையே ஊற்றுவதாகவும், காய்கறிச் சோற்றுக்கும் அதுவே என்றும் சொன்னார். உங்களிடமிருந்து வந்த சீட்டைச் சுவரிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் ‘28 பேர், 3 பேருக்குக் கார்னே இல்லாமல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. மீன் என்ற சொல் இல்லை, சாறு என்ற சொல் இல்லை. நான் எழுதியதைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெறும் தண்ணீரில் வைத்திருப்பேனே” என்றார். மேசைக்கு வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இந்த மடலில் நான் குறைகூறாத ஒருவர் அவர். வழிகாட்டியையும் நான் குறைகூறவில்லை. இருபத்தெட்டுப் பேரை ஒருவரே மேய்த்து, மணிக்கணக்கைக் காக்கச் சொல்லப்பட்ட இளம்பெண் அவர், வெளியே வந்து கண் கலங்கி வருத்தம் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த வாக்கியம் உங்கள் அலுவலக மேசைக்கும் அந்தச் சமையலறைச் சுவருக்கும் நடுவில் எங்கோ மூன்று சொற்களாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்துக்கு நீங்கள் மட்டுமே பொறுப்பு.

வெறும் தண்ணீரில் வைத்திருப்பேன் என்று அவர் சொன்னதை நீங்கள் கவனிக்க வேண்டும். வலென்சியாவின் மரபான பயேயாவுக்கு மீன் சாறே கிடையாது. கோழி, முயல், பட்டையான பச்சை அவரை, கர்ரஃபோ என்னும் பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, அரிசி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்கள் கையில் கிடைத்ததை இரும்புத் தட்டில் வதக்கி, தண்ணீர் ஊற்றி, அந்தத் தட்டிலேயே சாறு இறங்கவிட்டு, அதிலேயே அரிசியைப் போட்டு, அடியில் காந்தல் பிடிக்கும்வரை விட்டு எடுத்த சோறு அது. சொக்கர்ராத் என்று அவர்கள் கொண்டாடும் அந்தக் காந்தலுக்கு எங்கள் வீட்டில் அடிதடியே நடக்கும். வலென்சியா அரசு 2021இல் பயேயாவைப் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவித்தது. அந்த மரபின்படி, கோழியையும் முயலையும் விட்டுவிட்டு, கூனைப்பூவும் அவரையும் தக்காளியும் வதக்கித் தண்ணீர் ஊற்றினால் என் அம்மா நிறைவாகச் சாப்பிடும் சோறு வந்துவிடும். மிகக் கடினமான எதையும் நாங்கள் உங்களிடம் கேட்கவில்லை.

அது என்ன அரிசி என்று அப்பா வழிகாட்டியிடம் கேட்டார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நகரத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டரில் அல்புஃபேரா ஏரியைச் சுற்றி பொம்பா, செனியா, அல்புஃபேரா என்று நெல் வகைகள் விளைகின்றன. நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த மாதம் அங்கே அறுவடை மாதம். 2024 அக்டோபர் 29ஆம் நாள் வந்த வெள்ளம் அந்தப் பக்கத்து ஊர்களைத்தான் புரட்டிப்போட்டது. 220க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், வயல்களில் சேறும் இடிபாடும் வந்து படிந்தன. அதற்கு அடுத்த அறுவடையின்போது, அரிசியூரான வலென்சியாவில், உணவைப் பற்றி அறிய வந்த ஒரு குழுவுக்கு முன்னால் சோறு வைக்கப்பட்டபோது, அந்த அரிசியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அம்மா அன்று வேறெதுவும் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, என் வீட்டு அலமாரியில் இருக்கும் சின்ன முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தெரியாமல் நடந்தது, சாமி ஒன்றும் நினைக்காது என்று அப்பா சொன்னார். “தெரியாமத்தான். ஆனா வாய்க்குள்ள போயிடுச்சே” என்றார் அம்மா. அப்புறம் ஊரில் இருக்கும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவன் வேலையில் இருந்தான், சிரித்துக்கொண்டு நன்றாக இருக்கிறேன் என்றான். ஏன் கேட்டார் என்று அவனுக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் மெட்ரோவில் அல்போராயாவுக்குக் கூட்டிப்போனேன். சூஃபா வயல்களுக்குப் பக்கத்தில், கண்முன்னே அரைத்து ஊற்றும் கடையில், என்னென்ன சேர்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்ன பிறகு ஒரு கோப்பை குடித்தார். பாலும் இல்லாத, விலங்கிலிருந்து வந்தது எதுவும் இல்லாத அந்தப் பானம் அன்று அவர் உண்ட ஒரே உணவு.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். சமையலறைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறீர்கள். உணவின் விவரத்தை உண்பவருக்குத் தெரிவிப்பது பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண் ஒழுங்குமுறை, ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது. மீன், ஓட்டுடலிகள், சிப்பி வகைகள் மூன்றும் அதில் தனித்தனியே உள்ளன. பொட்டலமிடாமல் பரிமாறும் உணவுக்கும் இந்த விவரம் தரப்பட வேண்டும் என்பதை ஸ்பெயினின் 126/2015 எண் அரசாணை வகுத்திருக்கிறது. ஆக, அந்தக் காய்கறிச் சோற்றில் மீன் சாறு இருக்கிறது என்ற செய்தி, கேட்டால் கிடைக்கக்கூடிய இடத்தில் இருந்தாக வேண்டிய செய்தி. நீங்கள் கேட்கவில்லை. மீன் ஒவ்வாமை உள்ள ஒருவர் அம்மாவின் இடத்தில் இருந்திருந்தால், மருத்துவ வண்டியை அழைக்க வேண்டியிருந்திருக்கும். அந்தப் பட்டியலில் இறைச்சி இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பன்றிக்கொழுப்போ பன்றித்தொடைச் சீவலோ ஓர் உணவில் கலந்திருந்தால் அதை அறிவிக்க அந்தப் பட்டியல் யாரையும் கட்டாயப்படுத்தாது. அங்கே உண்பவருக்கு இருக்கும் ஒரே காப்பு, விற்பவரின் வாய்ச்சொல்தான். ஆகையால்தான் அந்தச் சொல்லை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சைவம் என்பதன் பொருள் மாறும் என்கிறீர்கள். அந்த ஒழுங்குமுறையின் 36ஆம் பிரிவு, சைவ உணவு குறித்த விவரங்களுக்கு விதி வகுக்கும் பணியை ஐரோப்பிய ஆணையத்திடம் விட்டிருக்கிறது என்பது உண்மை. அதே பிரிவு, தானாக முன்வந்து தரும் எந்த விவரமும் உண்பவரைத் தவறான எண்ணத்துக்கு ஆளாக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதையும் விட்டுவிடுவோம். நான் ‘சைவம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் வாதத்துக்கு இடமுண்டு. எது எது கூடாது என்று பெயர் சொல்லி, சாறும் கூடாது என்று எழுதிய பிறகு, பொருள் மாறுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அந்தச் சொல்லின் பொருளை நான் எழுதிக் கொடுத்தேன், நீங்கள் ‘உறுதி’ என்று பதில் தந்து பணம் வாங்கினீர்கள்.

நான் கேட்பவை இவை.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தரப்படும் உணவில் என்னென்ன சேர்கிறது, எந்தச் சாற்றில், எந்தக் கொழுப்பில் சமைக்கப்படுகிறது என்ற விவரத்தை, பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். பயணி எழுதும் உணவுக் கட்டுப்பாட்டைச் சுருக்காமல், அவர் எழுதிய சொற்களிலேயே ஒவ்வொரு சமையலறைக்கும் அனுப்பி, சமையல்காரரின் ஒப்புதலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யும்வரை ‘சைவம் உண்டு’ என்ற வரியை உங்கள் விளம்பரத்திலிருந்தும், இந்தியாவில் உங்களுக்கு ஆள் சேர்க்கும் முகவர்களின் தாள்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எங்களால் சைவ உணவு தர இயலாது என்று நீங்கள் வெளிப்படையாகச் சொன்னால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா வீட்டில் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு நகரத்தைப் பார்க்க வந்திருப்பார்.

ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பார்சிலோனாவின் பொக்கெரியா சந்தையில் 2015இலிருந்தே கூட்டம் மிகுந்த நேரங்களில் பெரிய குழுக்களுக்குத் தடை உண்டு; சான் செபாஸ்தியன் நகரம் 2024இல் இருபத்தைந்து பேர் என்று வரம்பு வைத்தது. அவை நெரிசலை நினைத்து வைத்த வரம்புகள். நான் பன்னிரண்டு என்று கேட்பது, சாப்பிடுகிறவர் ஒரு கேள்வி கேட்டால் வழிகாட்டி எழுந்து போய்ச் சமையலறையில் விசாரித்துவிட்டு வரக்கூடிய அளவு அதுதான் என்பதற்காக. சந்தைக்குள் குழுவைக் கூட்டிப்போனால் அங்கே ஒரு கடையிலாவது வாங்குங்கள், அந்தக் கடைக்காரர் இரண்டு நிமிடம் பேச இடம் கொடுங்கள். பெட்டியில் வந்த பானத்தையும் வேற்றுக் கடலின் சிப்பியையும் அவை எவையோ அவையாகவே சொல்லுமாறு வழிகாட்டிகளுக்கு எழுதிக் கொடுங்கள். வியாழக்கிழமைகளில் நண்பகலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

என் அம்மாவின் பெயருக்கு, நடந்தது இன்னதென்று ஒப்புக்கொண்டு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள். ‘ஏதேனும் வசதிக்குறைவு நேர்ந்திருந்தால்’ என்ற வகை வாக்கியம் அதில் வேண்டாம். மீன் சாற்றில் வெந்த சோற்றைச் சைவம் என்று கொடுத்துவிட்டோம் என்று எழுதினால் போதும். நான் தமிழில் படித்துக் காட்டுவேன். அவருக்காகக் கட்டிய 79 யூரோவைத் திருப்பித் தாருங்கள். அப்பாவுக்கும் எனக்கும் கட்டியதை நான் கேட்கவில்லை. வலென்சியாவில் எல்லா வணிக நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டிய முறையீட்டுத் தாளை உங்கள் அலுவலகத்தில் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். முப்பது நாளுக்குள் உங்களிடமிருந்து மறுமொழி இல்லையென்றால், அந்தத் தாளின் படியை நகரின் நுகர்வோர் அலுவலகத்தில் சேர்ப்பேன்.

இன்னும் ஒன்று, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. அந்தக் குஜராத்தித் தம்பதியர் தங்கள் தட்டை முழுவதும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சமையலறையிலிருந்து நான் திரும்பி வந்தபோது அந்த அம்மையார் கடைசிக் காந்தலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விடவும் மனம் ஒப்பவில்லை. வெளியே வந்து, படிக்கட்டில் வைத்துச் சொன்னேன். அவர் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவர்களுக்கு விமானம்; முறையிடுவதற்கு அவர்களுக்கு நேரமும் இல்லை, இந்த ஊரில் ஆளும் இல்லை. அவர்களுடைய முகவரி உங்கள் முன்பதிவுப் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் கேட்பதற்குக் காத்திராமல், நீங்களே எழுதுங்கள். என் அம்மாவுக்கு எழுதும் அதே கடிதத்தை அவர்கள் இருவருக்கும் எழுதி, அவர்கள் பணத்தையும் திருப்பி அனுப்புங்கள்.

உண்மையுடன்,
அந்த வியாழக்கிழமை நடையில் உங்களுடன் வந்த ஒரு மகள்,
பெனிமாக்லெட், வலென்சியா.